வட்டத்துக்குள் ஒரு புள்ளி

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு சிறு குன்று இருக்கிறது. அதன் உச்சிப் பாறையில் உளியால் செதுக்கிய ஒரு வட்டம், நடுவே ஒரு புள்ளி. உள்ளங்கையை விரித்து வைத்தால் மூடிவிடலாம். என் தம்பி அதை எட்டு வயதிலேயே பார்த்துவிட்டான். நான் பார்த்தபோது எனக்கு வயது நாற்பத்து மூன்று.

பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஏறுவார்கள். அந்த வட்டம் புதையலுக்கான குறி என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. யாரோ கடப்பாரையால் தோண்டிப் பார்த்த தழும்பு பாறையில் இன்றும் தெரிகிறது. நானும் வருகிறேன் என்று கேட்ட வயதில் “இன்னும் கொஞ்சம் பெரியவளாகட்டும்” என்றார்கள். பெரியவளானதும் “இனிமேல் மலைக்கு என்ன வேலை?” என்றார்கள். இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் ஒரு நாள்கூட இடைவெளி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி கைபேசியைக் காட்டி, “மேம், ஜியோகேச்சிங் தெரியுமா?” என்று கேட்டாள். ஒருவர் ஓரிடத்தில் ஒரு சிறு டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கொண்டு அதைத் தேடிப் போவார்கள். டப்பாவுக்குள் ஒரு குறிப்பேடு இருக்கும். கண்டுபிடித்தவர் தன் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். ஜி.பி.எஸ். சமிக்ஞைகளில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அடுத்த நாளே ஆரெகான் மாநிலத்தில் ஒருவர் முதல் டப்பாவைப் புதைத்தார். விளையாட்டு அப்படித்தான் பிறந்தது.

இதற்கு ஒரு கிளை உண்டு. டப்பாக்களுக்குப் பதில் பழைய நில அளவைக் குறிகளைத் தேடிப் போவது. பிரிட்டனில் 1936 முதல் கட்டப்பட்ட ஏறக்குறைய 6,500 கான்கிரீட் தூண்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பதையே வாழ்நாள் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இதைப் படித்தபோதுதான் எங்கள் ஊர்ப் பாறையில் இருக்கும் குறி எது என்று எனக்குப் புரிந்தது. பாறையில் வட்டமும் புள்ளியும் செதுக்குவது இந்திய முக்கோண அளவையின் வழக்கம். அந்த வேலை தொடங்கியதே நம் சென்னையில்தான்.

மூன்று மாணவிகளோடு நானும் சேர்ந்துகொண்டேன். எங்களுக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டோம். கல்லைச் சுரண்டக்கூடாது, சுண்ணாம்பு பூசக்கூடாது, கோயிலோ தேவாலயமோ இருக்கும் இடத்தில் எதையும் விட்டு வரக்கூடாது. இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். கடைசி விதியை எழுதியபோது ஒருத்தி, “இது பையன்கள் லிஸ்ட்ல இருக்காதுல்ல மேம்?” என்றாள். இருக்காது என்றுதான் சொன்னேன். ஆனாலும் அதை அடிக்கவில்லை.

முதலில் போனது பரங்கிமலைக்கு. படிகளில் ஏறி உச்சிக்குப் போனால் போர்ச்சுக்கீசியர் 1523இல் கட்டிய தேவாலயம் நிற்கிறது. கீழே விமானநிலைய ஓடுபாதை. அருகிலேயே வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலை. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் லாம்டன் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது இந்த மலையின் அடிவாரத்துச் சமவெளியில். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை, ஏறக்குறைய ஏழரை மைல். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை நானூறு முறை நீட்டி, மடக்கி, மீண்டும் நீட்டி அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடாரத்தின் நிழலில் வைத்து, வெப்பமானி பார்த்து அளந்தார்கள். 57 நாட்கள் ஆயின. சென்னையின் சித்திரை, வைகாசி வெயிலில் சங்கிலிக்கு நிழல் கிடைத்தது.

அளவையின் தத்துவம் எளிது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தை அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் தெரியும் மூன்றாவது புள்ளியைப் பார்த்துக் கோணங்களைக் கண்டுவிட்டால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டே சொல்லிவிடலாம். அந்தப் பக்கங்களின்மேல் அடுத்த முக்கோணங்கள். இப்படித் தெற்கே குமரிமுனைப் பக்கத்திலிருந்து வடக்கே இமயத்தின் அடிவாரம் வரை, ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு முக்கோணச் சங்கிலி பின்னப்பட்டது. லாம்டன் 1823இல் வழியிலேயே ஹிங்கன்காட்டில் இறந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் அதை 1841இல் முடித்தார்.

இந்த வேலைக்கு ஒன்று கட்டாயம் வேண்டும்: உயரத்தில் நின்று பார்க்கும் உரிமை. மலை இருந்தால் மலை, இல்லையென்றால் கோபுரம். காவிரிப் படுகையில் குன்றுகள் இல்லாததால் கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதைக் கயிறு கட்டித் தூக்கும்போது கயிறு நழுவி, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் தன் கூடாரத்துக்குள் ஆறு வாரம் அடைந்து கிடந்து அதைச் செப்பனிட்டார். வரலாற்று நூல்கள் எல்லாம் இந்த ஆறு வாரத்தை வீரகதைபோல் சொல்கின்றன. கயிற்றை இழுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் படித்தவற்றில் எதுவும் சொல்லவில்லை.

அதே நூல்கள் வேடிக்கையாகச் சொல்லிப்போகும் இன்னொரு செய்தி உண்டு. அக்காலத் தொலைநோக்கியில் காட்சி தலைகீழாகத் தெரியும். மேலே நின்று பார்ப்பவர்கள் வீட்டு முற்றத்தில் இருக்கும் தங்கள் பெண்களைப் பார்க்கிறார்கள், அதுவும் தலைகீழாக்கிப் பார்க்கிறார்கள் என்று ஆண்கள் கோபப்பட்டிருக்கிறார்கள். அறிவியல் தெரியாத நாட்டு மக்களின் பேதைமை என்ற தொனியில் இது எழுதப்படுகிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவிகள் சிரிக்கவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது எதிர் மாடியிலிருந்து நீளும் கைபேசியை அவர்களுக்குத் தெரியும். அந்தக் கோபத்தில் பெண்கள்மேல் ஆண்கள் கொண்டாடிய உடைமை உணர்வு இருந்தது, உண்மை. ஆனால் முற்றத்தில் இருந்த பெண் என்ன நினைத்தாள் என்பதை இரு தரப்பும் கேட்கவில்லை. பார்த்தவனுக்கு அவள் வழியில் குறுக்கிட்ட உருவம். கோபப்பட்டவனுக்கு அவள் மானம்.

பெண்கள் இந்த அளவைக்கு வெளியேதான் இருந்தார்களா? லாம்டனின் உதவியாளர்கள் யார் என்று தேடினேன். பலர் சென்னையின் ஆண் அநாதை விடுதியில் வளர்ந்த பையன்கள். 1789இல் தொடங்கிய அந்த விடுதி, ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இங்குள்ள பெண்களுக்கும் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கானது. பலருக்குத் தாய் உயிரோடுதான் இருந்தாள். ஆனாலும் பெயர் அநாதை விடுதி. 1794இல் அரசு தொடங்கிய நில அளவைப் பள்ளி எட்டுப் பையன்களோடு திறந்தது. அளவைப் பயிற்சிக்கு இந்த விடுதியிலிருந்துதான் பையன்களை எடுத்தார்கள். வெயில் தாங்குவார்கள், ஊர்மொழி தெரியும், சம்பளம் குறைவு. அந்த ஊர்மொழியை அவர்களுக்குக் கொடுத்தது யார்? கிராமத்துக்குப் போய் வழி கேட்கவும், குன்றின் பெயர் கேட்கவும், தண்ணீர் கேட்கவும் உதவிய அந்தத் தமிழும் தெலுங்கும் தாய்மாரிடமிருந்து வந்தவை. அப்பன் பெயர் பிள்ளையின் பெயரோடு ஒட்டி ஆவணத்தில் நிற்கிறது. அம்மாவின் பெயருக்குக் கட்டமே இல்லை.

பெண் குழந்தைகளுக்கும் ஒரு விடுதி இருந்தது. அது 1787இல், ஆண் விடுதிக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே தொடங்கியது. அங்கே தையலும் வீட்டுவேலையும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே தெருவில், ஒரே வயிற்றில் பிறந்திருக்கக்கூடிய அண்ணன் தங்கையரில் ஒருவனுக்குச் சங்கிலி, ஒருத்திக்கு ஊசிநூல்.

அந்த எட்டுப் பையன்களின் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. பெண்கள் அதற்குள் நுழைய ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1940இல் ஏ. லலிதா அங்கே சேர்ந்தார். பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதப் பெண் குழந்தையோடு கணவனை இழந்தவர் அவர். பி.கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் இருவரும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ‘அவன்’ என்றே அச்சாகியிருந்ததால், அதைப் பேனாவால் அடித்து ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். என் மாணவிகளுக்கு மிகவும் பிடித்த ஆவணம் அந்தப் பேனாக் கோடுதான்.

பெயர்கள் விடுபட்டது பெண்களுக்கு மட்டுமில்லை. கொடி பிடித்தவர்கள், இரவில் மலையுச்சியில் விளக்கு காட்டியவர்கள், காடு வெட்டியவர்கள், சங்கிலி சுமந்த கலாசிகள் என்று எத்தனையோ பேர் காய்ச்சலில் செத்தார்கள். டேராடூனில் அளவைக் கூலிகளை ஒரு நீதிபதி கட்டாய வேலை வாங்கியதை எதிர்த்து 1843இல் ராதாநாத் சிக்தர் நின்றார். அவருக்கு 200 ரூபாய் அபராதம் கிடைத்தது. ‘சிகரம் 15’ உலகிலேயே உயரமானது என்று 1852இல் கணக்கிட்டுச் சொன்னவரும் அதே சிக்தர்தான். அந்தச் சிகரத்துக்கு உள்ளூர்ப் பெயர் கிடைக்கவில்லை என்று சொல்லி, ஓய்வுபெற்றுப் போய்விட்ட எவரெஸ்டின் பெயரைச் சூட்டினார்கள். வடக்குச் சரிவில் இருந்தவர்கள் அதைச் சோமோலுங்மா என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு பெண் தெய்வத்தின் பெயர்.

இவ்வளவையும் படித்துவிட்டு மறுபடி தமிழுக்குத் திரும்பினால், உயரத்தில் நின்று பார்த்த பெண்கள் நம் பழைய இலக்கியத்தில் இருக்கிறார்கள். குறிஞ்சித் திணையின் கொடிச்சி தினைப்புனத்தில் இதணத்தின்மேல் ஏறி நிற்கிறாள். தட்டையும் தழலும் கொண்டு கிளி ஓட்டுகிறாள். புனம் முழுவதும் அவள் பார்வைக்குள் இருக்கிறது. யார் வருகிறான், எந்த வழியாக வருகிறான் என்று அவளுக்குத் தெரியும். காதலும் அங்கேதான் தொடங்குகிறது. தினை அறுவடையானதும் இற்செறிப்பு. அவளை வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். துறைப் பெயராக இதை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊர்க் குன்றை நினைத்துக்கொண்டு எழுதியதில்லை.

இன்னொரு காட்சி பாரி மகளிருடையது. தந்தையைக் கொன்று பறம்பு மலையை மூவேந்தர் எடுத்துக்கொண்ட பிறகு, சிறு வீடொன்றின் அருகே இருந்த குப்பைமேட்டில் ஏறி, அந்த இரு பெண்களும் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்ததைக் கபிலர் புறநானூற்றில் வருந்திப் பாடுகிறார். மலைமேல் நின்று பகைவேந்தரின் குதிரைகளை எண்ணிய காலம் போய் இப்படியாயிற்றே என்பது அவர் துயரம். நான் அந்தப் பாட்டை அவலமாக மட்டுமே நடத்திவந்தேன். இப்போது வேறொன்றும் தெரிகிறது. நிலம் போனது, மலை போனது, தந்தை போனான். ஆனாலும் அவர்கள் கிடைத்த மேட்டில் ஏறினார்கள், எண்ணினார்கள்.

பரங்கிமலையிலிருந்து இறங்கி, அடிக்கோட்டின் மறுமுனையைப் பார்க்கப் பெரும்பாக்கத்துக்குப் பேருந்தில் போனோம். லாம்டனுக்கு 57 நாள் பிடித்த தூரம் எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பெரும்பாக்கம் இன்று தமிழ்நாட்டின் மிகப்பெரிய மறுகுடியமர்த்தக் குடியிருப்புகளில் ஒன்று. கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் இருந்த குடும்பங்களை, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, இங்கே அடுக்குமாடிகளுக்குக் கொண்டுவந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணிடம் மலைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டோம். நகரத்துக்குள் மூன்று வீடுகளில் வேலை பார்த்தவர், இங்கே வந்த பிறகு ஒரு வீடுதான் முடிகிறது என்றார். “போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்க்கா. மலையில என்ன இருக்குது?” என்று கேட்டார். முதல் தடவை இந்த நாட்டை அளந்தபோது ஒரு முனை இங்கே வைத்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அளந்துட்டுத்தான் எங்களை இங்க போட்டாங்களா?” என்றார். அவருடைய பேருந்து வந்துவிட்டது.

நேரான பதில் சொல்வதென்றால் இல்லை. லாம்டனின் அளவை வரி அளவை அல்ல. பூமியின் வடிவத்தை அறியும் அறிவியல் ஆசையும் அதில் இருந்தது. ஆனால் அந்த முக்கோணங்கள் இல்லாமல் வரைபடம் இல்லை. வரைபடம் இல்லாமல் புல எண், பட்டா, எல்லைக்கல் எதுவும் துல்லியமாக நின்றிருக்காது. யாருடைய நிலம், யார் ஆக்கிரமிப்பாளர் என்று காகிதம் பேசத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அந்தக் காகிதம் எங்கள் வீட்டிலும் பேசியது. என் தாத்தாவுக்கு ஒரு ஏக்கருக்குச் சற்று மேல் பூர்வீக நிலம். அம்மா கல்யாணமாகும் வரை அதில் களை பறித்திருக்கிறாள், நாற்று நட்டிருக்கிறாள், எல்லைக்கல்லின்மேல் தூக்குவாளியை வைத்துவிட்டுக் கஞ்சி குடித்திருக்கிறாள். கல்யாணம் 1974இல். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் கொண்டுவந்தபோது, அதற்கு முன்பே மணமாகியிருந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று வைத்தார்கள். 1991இல் மாமாக்கள் இருவரும் பத்திரம் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தபோது, ஏற்கெனவே முறையாகப் பிரித்த சொத்தை அது தொடவில்லை. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே என் அம்மா விழுந்துபோனாள். மாமாக்கள் கெட்டவர்களில்லை. பொங்கலுக்கு இன்றும் அரிசி வருகிறது. அரிசி அன்பளிப்பாக வருகிறது, பங்காக வருவதில்லை.

ஒரு பெயரை இங்கே சொல்ல வேண்டும். எங்களைக் குன்றுக்குக் கூட்டிப்போகும் ஜி.பி.எஸ். சரியாக வேலை செய்ய, பூமியின் உண்மையான வடிவம் கணக்கில் இருக்கவேண்டும். பூமி சீரான உருண்டை இல்லை. மேடும் பள்ளமுமான அந்த வடிவத்தைச் செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து கணினியில் துல்லியமாக்கியவர்களில் ஒருவர் கிளாடிஸ் வெஸ்ட். வர்ஜீனியாவில் 1930இல் சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண். 1956இல் டால்கிரனில் இருந்த கடற்படைத் தளத்தில் கணிதவியலாளராகச் சேர்ந்து 42 ஆண்டுகள் வேலை பார்த்தார். 2018இல்தான் அமெரிக்க விமானப்படை அவரைப் பெயர் சொல்லிப் பெருமைப்படுத்தியது. அப்போது அவருக்கு 88 வயது. லாம்டன் சங்கிலியால் தேடிய அதே விடையை, பூமியின் வடிவத்தை, அவர் எண்களால் தேடினார். அந்தப் படைத்தளம் ஆயுதங்களுக்காகவும் வேலை செய்தது என்பதை மறைப்பதற்கில்லை. அளவை அறிவு எப்போதும் யாருடைய செலவில், யாருக்காக நடக்கிறது என்ற கேள்வியோடுதான் வருகிறது. இருந்தும், பழைய அளவையின் எண்களை அப்படியே கைபேசியில் போட்டால் அது நம்மை வேறோரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இரண்டு கணக்குகளும் பூமிக்கு வெவ்வேறு உருவம் வைத்திருக்கின்றன. அதனால் கடைசிச் சில அடிகளுக்குக் கண்ணும் காலும்தான் துணை. ஊரில் ஆடு மேய்க்கும் பாட்டிகளைக் கேட்டால் கைபேசியைவிட வேகமாகச் சொல்கிறார்கள். அவர்கள் மேலே போகாமல் இருந்ததே இல்லை. யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

போன தை மாதம் எங்கள் ஊர்க் குன்றுக்கு மறுபடி போனோம். புள்ளி இருக்கும் பாறையிலிருந்து தள்ளி, ஒரு கல்லிடுக்கில் சிறிய எவர்சில்வர் சம்படம் ஒன்றை வைத்திருக்கிறோம். உள்ளே நாற்பது பக்கக் குறிப்பேடும் பென்சிலும். பெயர், தேதி, ஊர் என்று மூன்று பத்திகள். இதுவரை பதினொரு பெண்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் இருவர் ஆட்டுக்காரப் பாட்டிகள். ஒருவர் கைநாட்டு வைக்க மை இல்லாததால் ஒரு ஆட்டின் படம் வரைந்திருக்கிறார்.

அந்த முறை அம்மாவும் வந்தாள். முழங்கால் வலி. பாதி வரை ஏறி, ஒரு வேம்பின் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். “மேல இன்னா இருக்குதுன்னு இப்படி ஏறுறீங்க?” என்றாள். வட்டம் என்றேன், நடுவில் புள்ளி என்றேன். “உன் தம்பி அப்பவே சொன்னான்” என்றாள். அங்கிருந்தே கிழக்கே கை நீட்டி, வரப்புகளுக்கு நடுவே ஒரு துண்டைக் காட்டினாள். அவ்வளவு தொலைவிலிருந்து எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அவள் கை ஆடாமல் ஒரே இடத்தில் நின்றது.

சம்படத்தைக் கீழே எடுத்துவந்து குறிப்பேட்டை நீட்டினோம். பெயர் எழுதினாள். தேதியை மாணவியிடம் கேட்டு எழுதினாள். மூன்றாவது பத்தியில் ஊர்ப் பெயர் எழுதுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சிலை நாக்கில் தொட்டு, நிதானமாக, அந்த நிலத்தின் புல எண்ணை எழுதினாள்.